நாற்பத்தோராம் பக்கம், ஆறாவது வாக்கியம்

புதன்கிழமை சாயங்காலம் வந்த அந்த போன் முழுசாக ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். கொஞ்சம் பேசணும்."

"சரி."

பதினோரு மாதமாகப் பிறந்த வீட்டில் இருப்பவளுக்கும், இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் தனியாக இருந்துகொண்டு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கும் அவள் கணவனுக்கும் இடையே அவ்வளவு பேச்சே பெரிய விஷயம். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை அவர்கள். போன வருஷம், பன்னிரண்டாவது வாரத்தில் அவளுக்குக் கரு கலைந்தது. "பத்து நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வா" என்று அவன்தான் கொண்டுவந்து விட்டான். பத்து நாள் ஒரு மாதம் ஆனது, மாதம் நாலானது. அவன் கூப்பிடவில்லை. அவள் போகவில்லை. ஏன் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் புதன்கிழமையிலிருந்து அம்மா வேறு ஆளாகிவிட்டாள். பரண் மேலிருந்த சூட்கேஸ் இறங்கி வந்தது.

"எதுக்கும்மா இது? பேசணும்னுதானே சொன்னார்?"

"பேசறதுக்கு போன் போதும்டி. மாப்பிள்ளை நேர்ல வர்றார்னா கூட்டிட்டுப் போகத்தான்."

அவள் நம்பவில்லை. நம்பாமலேதான் சனிக்கிழமை தன் துணிகளையெல்லாம் மடித்து ஓரமாக அடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடை அரை நாள் உண்டு. கடையில் அவளை எல்லாரும் லென்ஸக்கா என்பார்கள். உள்ளறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் முன்னால் அவளுக்கு ஒரு முக்காலி. கண்ணின் நடுப்புள்ளி வரும் இடத்தை லென்ஸில் மை வைத்துக் குறிப்பாள், ஓரம் தேய்ப்பாள், ஃபிரேமைச் சூடாக்கி லென்ஸை அழுத்திப் பொருத்துவாள். பிறகு வெளியே வந்து ஆளின் மூக்கில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வாள். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் தலைவலி என்று மறுநாள் திரும்பி வந்துவிடுவார்கள். அவள் பொருத்தியது பெரும்பாலும் திரும்பி வந்ததில்லை.

அன்று காலை பதினொரு மணிக்கு வந்த பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேஜையில் வேலை. முதல் தடவையாகக் கண்ணாடி போடுகிறார்.

"இந்த அட்டையைப் படிங்கம்மா."

"அட்டை எதுக்கு? நான் எதைப் படிக்கத் திண்டாடறேனோ அதையே படிச்சுப் பாக்கறேன்." கைப்பையைத் திறந்து ஒரு நீலப் புத்தகத்தை எடுத்தார். "ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் போறேன். இந்த வயசுல! என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்கறா."

மேலட்டையைச் சரியாகப் பார்க்கும் முன்பே அவளுக்கு அது எந்தப் புத்தகம் என்று தெரிந்துவிட்டது.

அவள் அப்பாவின் தொழிலே அதுதான். பயிற்சிப் புத்தகம் போடும் ஒரு சிறிய அச்சகத்துக்கு உதாரண வாக்கியம் எழுதுகிறவர். பேருக்கு ஆசிரியர் யாரோ ஒருவர். உள்ளே இருக்கும் ஆயிரத்து இருநூறு வாக்கியமும் அப்பாவுடையது. அச்சகத்தில் அவருக்கு 'வாக்கியம் சார்' என்றே பெயர். அதிலும் இந்த நீலப் புத்தகம் அவருடைய செல்லம். அன்றாட ஆங்கிலத்தில் சின்ன வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு குட்டி வால் ஒட்டிக்கொண்டு அர்த்தத்தையே தலைகீழாக மாற்றுமே, அந்த வகைச் சொற்களுக்கென்றே போட்ட புத்தகம். "லுக்னா சும்மா பாக்கறது. பின்னாடி ஆஃப்டர் போடு, பாத்துக்கறது. டவுன் ஆன் போடு, மட்டமா நினைக்கறது. வாலை மாத்தினா ஆளே மாறிடறான் பாரு!" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்பா எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறார்.

புதுப் பதிப்பு போன வாரம்தான் வெளிவந்திருந்தது.

"நாப்பத்தொண்ணாம் பக்கம்" என்று பெண்மணி விரித்தார். "த பாத்ரூம் ஹீட்டர் ஹேஸ் ப்ரோக்கன் டவுன் அகெய்ன். ஆஹா, கம்பி கம்பியா தெரியுதே! அடுத்தது, மை மதர் புட்ஸ் ஆஃப் கோயிங் டு த டாக்டர். டாக்டர்கிட்ட போறதைத் தள்ளிப் போடறாங்க. நம்ம எல்லாரும்தான்."

அவள் குனிந்து ஃபிரேமின் காதுப் பகுதியைச் சரிசெய்தாள்.

"ஹி டர்ன்ட் அப் அட் த ஹாஸ்பிடல் அட் சிக்ஸ், வித் டூ லெஃப்ட் ஸ்லிப்பர்ஸ்." பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். "ஆறு மணிக்கு வந்து சேந்தானாம். பொண்டாட்டிக்கு செருப்பு வாங்கிட்டு. ரெண்டும் இடது கால்! எங்கேருந்துதான் இப்படியெல்லாம் கற்பனை பண்றாங்களோ."

அவள் கை நின்றது.

அந்தச் செருப்பை அவள் பார்த்திருக்கிறாள். ரப்பர் செருப்பு, பச்சை நிறம், இரண்டுமே இடது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் கீழே கிடந்தது.

"ஆறாவது. ஷி வாஸ் நாட் லுக்கிங் ஃபார்வர்ட் டு த பேபி." பெண்மணி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "இதுதாங்க! நேத்து இந்த வரியை நான் படிச்சேன். சார் பலகைப் பக்கம் திரும்பி நின்னுட்டிருந்தவர், திரும்பவே இல்ல. அஞ்சு நிமிஷம் இருக்கும். அப்புறம் இன்னிக்குப் போதும்னு சொல்லிட்டுப் போயிட்டார். பாதி கிளாஸ் அப்படியே நிக்குது. நான்தான் ஏதோ தப்பா உச்சரிச்சுட்டேன்னு பயந்துட்டேன்."

"உங்க சார்..."

"தங்கமான மனுஷன். அதிர்ந்து பேச மாட்டார். இதுக்கு என்ன அர்த்தம்னு வீட்டுல போய்ப் பாத்தேன். லுக் ஃபார்வர்ட் டுன்னா ஆசையா காத்திருக்கறது. நாட் போட்டிருக்கு. அப்போ அந்தக் குழந்தைக்காக அவ காத்திருக்கலையாம். என்ன பொம்பளையோ!"

"கிட்டப் பார்வை தெளிவா இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு எழுத்து விடாம தெரியுது, லென்ஸக்கா."

ஒன்றரை மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பாட்டு மேஜையில் அடுத்த புத்தகத்தின் பிழைதிருத்தத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நீலப் புத்தகம். நாற்பத்தோராம் பக்கம்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? அச்சகத்துல எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் சொல்றாங்க. வீட்டுல நடக்கறதை எடுத்துப் போட்டாத்தான், கண்ணு, வாக்கியத்துக்கு உசிரு. சும்மா ராமு கடைக்குப் போனான்னு எழுதினா எவன் மனசுல நிக்கும்?"

"ஆறாவது வாக்கியம் என்னன்னு பாருங்க."

அவர் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். விரல் நின்றது. உதடு அசைந்தது. பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

போன வருஷம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் அது. வழக்கம்போல அவள் வாய்விட்டுப் படிக்க, அப்பா மூலத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுவில் படிப்பதை நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்: "அப்பா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்தக் குழந்தை வரணும்னு நான் ஆசையா காத்திருக்கல."  அப்பா பேனாவை மூடிவைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உலகத்தில் அதைச் சொல்ல அவளுக்கு ஒரு ஆள் இருந்தார் என்பதே அன்றைக்குப் போதுமாயிருந்தது.

"யார்கிட்டயும் நான் சொல்லல, கண்ணு" என்றார் அப்பா இப்போது. நிஜமாகவே சொன்னார். "எழுதும்போது அது உன்னோடதுன்னே தோணல. லுக்குக்கு இன்னும் ஒண்ணு வேணும்னு உக்காந்திருந்தேன். மறுநாள் அச்சகத்துக்குக் கொடுக்கணும். தானா வந்தது. வாக்கியம் நல்லா இருந்தது. போட்டுட்டேன்."

"நேத்து அவர் கிளாஸ்ல அதை ஒருத்தங்க சத்தமா படிச்சிருக்காங்க."

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். "என்ன ஆறாவது? யார் படிச்சா?"

சொன்னார்கள். அம்மா முதலில் அப்பா பக்கம்தான் திரும்பினாள்.

"இந்த வீட்டுல ஒருத்தி தும்மினாக்கூட ரெண்டே மாசத்துல அச்சுல வந்துடுது. என் மூட்டு வலி மூணு பதிப்பு போயாச்சு. போகட்டும், என் வலிதானேன்னு இருந்தேன். பெத்த பொண்ணையுமா?" பிறகு மகளைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "நெஜமாவே சொன்னியாடி?"

"சொன்னேம்மா."

அம்மா உள்ளே போனாள். ஓரமாக அடுக்கியிருந்த துணிகளை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தாள்.

"நான் கற்பனையா எழுதினேன்னு சொல்லிடறேன்" என்றார் அப்பா. "மேக் அப். இல்லாததை இட்டுக்கட்டறது. முப்பத்தெட்டாம் பக்கம்."

"அப்பா, கற்பனையா நீங்க ஒரு வரி எழுதினதில்லைன்னு அவருக்குத் தெரியும்."

"சொல்லிப் பாக்கறேனே. வேற என்ன இருக்கு என்கிட்ட?"

அவன் சரியாக நாலு மணிக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தான். வலது கை விரல்களில் பலகையில் எழுதும் மை. இளைத்திருந்தான். காலரின் ஒரு முனை மடங்கியிருந்தது. முன்பென்றால் அவள் நிமிர்த்திவிட்டிருப்பாள்.

"டீ போடறேன், மாப்பிள்ளை."

"வேண்டாம் அத்தை. உக்காருங்க."

யாரும் உட்காரவில்லை. அவன் மட்டும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். "மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"அது என் கற்பனை, மாப்பிள்ளை" என்றார் அப்பா.

"நான் இன்னும் எதுவும் கேக்கலயே, மாமா."

அப்பா பிழைதிருத்தத் தாள்களை எடுத்து ஓரமாக அடுக்கினார்.

அவன் அவள் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு. மாமா இட்டுக்கட்டினதா, நீ சொன்னதா?"

இட்டுக்கட்டினதுதான் என்று சொன்னால் அவன் நம்பிவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் கண் அதைத்தான் கெஞ்சியது. நான் சொல்லவில்லை என்று ஒரு தலையசைப்பு போதும். சாயங்காலமே கிளம்பிவிடலாம். பழைய சமையலறை, பழைய ஜன்னல், அவன் படுக்கும் பக்கம், அவள் படுக்கும் பக்கம். நடுவில் எல்லா ராத்திரியும் அந்தப் பொய்.

"நான் சொன்னதுதான்."

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எப்போ?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மறுவாரம்."

"என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுதியே."

"அதுவும் நெஜம்தான்."

அவன் விரலிலிருந்த மையைத் தேய்த்தான். அது போகவில்லை. "பதினோரு மாசமா நான் ஏன் கூப்பிடலன்னு தெரியுமா உனக்கு? காலையிலேருந்து நீ தனியா கிடந்த. நான் போனை அணைச்சு வெச்சுட்டு கிளாஸ் எடுத்துட்டிருந்தேன். ஆறு மணிக்கு வந்தேன். செருப்பைக்கூடப் பாத்து வாங்கத் தெரியல. என் குழந்தையையும் உன்னையும் அன்னிக்கு விட்டுட்டேன்னு, உன் முகத்துல முழிக்க வெக்கமா இருந்தது. அதான் கூப்பிடல." நிறுத்தினான். "நீ காத்திருக்கவே இல்லையாம். நேத்துதான் தெரிஞ்சது. முப்பது பேர் முன்னாடி."

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் அவள்.

"சொல்லு."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருந்தது. பயமா இருந்தது. வேலையை விட வேண்டி வரும், நீங்களும் வீட்டுல இருக்கறதில்ல, எல்லாம் என் தலையிலன்னு. பொய் சொல்லல. ஆனா கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை, ஒரு ரெண்டு வயசுக் குழந்தைக்கு கண்ணாடி போட்டேன். பிடுங்கிப் பிடுங்கி எறிஞ்சுது. ஆறு தடவை எடுத்து மாட்டினேன். ஏழாவது தடவை கண்ணாடியை விட்டுட்டு என் மூக்கைப் பிடிச்சுக்குச்சு. விடவே இல்ல. அன்னிக்கு பஸ்ல வயித்து மேல கை வெச்சுட்டே வந்தேன். அன்னியிலேருந்து நான் காத்திருந்தேன். ரெண்டே நாள். வியாழக்கிழமை எல்லாம் முடிஞ்சு போச்சு."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இதை யார்கிட்ட சொல்லியிருக்க?"

"யார்கிட்டயும் சொல்லல."

"மாமாகிட்ட?"

"இல்ல. சொல்லத் தோணல. சொன்னா தாங்க முடியாதுன்னு..."

அவன் அப்பாவைப் பார்த்தான். ஆமாம், என்னிடம் சொன்னாள் என்று அப்பா இப்போது சொல்லியிருக்கலாம். இந்த ஒரு பொய்க்காக மகளே அவரை மன்னித்திருப்பாள். ஆனால் சற்று முன்னால்தான் அவர் ஒரு பொய் சொல்லி, அது உடைந்து நடுக்கூடத்தில் கிடந்தது. அவர் தலை தானாகவே இல்லை என்று ஆடியது.

"இந்த வீட்டுல பேசினது எல்லாம் அந்தப் புத்தகத்துல வந்திருக்கு" என்றான் அவன். கோபமே இல்லை குரலில். அதுதான் பயமாக இருந்தது. "அத்தையோட மூட்டு வலி வந்திருக்கு. ஹீட்டர் வந்திருக்கு. என் செருப்பு வந்திருக்கு. நீ காத்திருக்கலன்னு வந்திருக்கு. காத்திருந்தேன்னு மட்டும் எங்கேயும் வரல."

"அது சொல்லாததுனால வரல."

"இருக்கலாம்." எழுந்தான். "நம்பணும்னு எனக்கு ஆசைதான். நேத்து ராத்திரி பூரா உக்காந்து புத்தகத்தை முதல் பக்கத்துலேருந்து கடைசி வரைக்கும் தேடினேன். எங்கேயாவது ஒரு வரி, நல்லதா ஒரு வரி இருக்காதான்னு."

"புதன்கிழமை போன் பண்ணினீங்களே, மாப்பிள்ளை" என்றாள் அம்மா. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்று கேட்பதுபோல இருந்தது. "என்னமோ பேசணும்னு."

"அது வேற விஷயம் அத்தை. வேற ஊர்ல ஒரு காலேஜ்ல வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு பேருக்குமா வீடு பாத்திருந்தேன். கூட வர்றியான்னு கேக்கலாம்னு..." மீதியைச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டான்.

அப்பா, "மாப்பிள்ளை, என்னை வேணா அடிங்க" என்றார்.

"என்ன மாமா பேச்சு இது" என்று அவன் சொன்னான். அவர் தோளைத் தொட்டுவிட்டுப் படியிறங்கினான்.

அவள் பின்னாலேயே ஓடினாள். இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில், படி திரும்பும் இடத்தில், அவன் காலடிச் சத்தத்தை எட்டிப் பிடித்தாள்.

"எப்போ போறீங்க?"

"வெள்ளிக்கிழமை. உன் சாமான் எல்லாம் தனியா கட்டி வெச்சிருக்கேன். அப்புறமா வந்து எடுத்துக்கோ. சாவியைக் கீழ் வீட்டுல கொடுத்துட்டுப் போறேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பது மணிக்கு லாரி வருது."

"நான் எட்டு மணிக்கு வரட்டுமா?"

அவன் மூன்று படி கீழே நின்றான். திரும்பி அண்ணாந்து பார்த்தான். ஜன்னல் வெளிச்சத்தில் அவன் முகம் பாதிதான் தெரிந்தது.

"வந்து?" என்றான்.

குத்திக்காட்டிய கேள்வி இல்லை அது. நிஜமாகவே கேட்டான். பதில் வந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்று கைப்பிடியில் கை வைத்துக் காத்துக்கொண்டு நின்றான். மேல்வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள், மூடினார்கள். அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

அவன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனான். தெருக்கதவு சாத்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமைக்கு முழுசாக நாலு நாள் இருந்தது. அவனிடம் சொல்ல அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை அவள் சொல்லி முடித்துவிட்டிருந்தாள்.